மொரீசுத் தீவின் தோட்டமும் நம் மைசூரும்

எரிமலைக் குழம்பு இறுகிப் பிறந்த மொரீசுத் தீவுக்குச் செல்வோர் பாம்ப்ளிமூஸ் தாவரத் தோட்டத்தைக் காணாது திரும்புதல் ஆகாது. விளிம்பு மடித்த தாம்பாளம் போன்ற அல்லியிலைகள் அங்கே நீரில் மிதக்கும். நம் நாட்டுக் கூந்தற்பனையும் உண்டு. பல்லாண்டு வளர்ந்து, ஒரேமுறை பூத்து, மடிந்துபோவது அது.

1735-இல் ஆளுநராய் வந்த லபூர்தொனே காய்கறித் தோட்டமாகத் தொடங்கியதை, 1767-இல் வந்த பியேர் புவாவ்ர் தாவரப் பண்ணையாக வளர்த்தார். ஒல்லாந்தர் கண்ணில் மண்ணைத் தூவி, மொலுக்கசுத் தீவுகளின் சாதிக்காயையும் கிராம்பையும் 1770-இல் அங்கே கொணர்வித்தார். புவாவ்ர் பெயரை உலகம் அறியும். அம்மண்ணைக் கொத்திய அடிமைகளை யார் அறிவார்?

நிற்க. மைசூரில் வாழும் நமக்கு இத்தீவு அயலன்று. திப்பு சுல்தான் பெங்களூர் லால்பாக்குக்கு மொரீசிலிருந்தும் செடிகள் வரவழைத்தார். செடி கேட்டவர் பின்னர்ப் படையும் கேட்டார். 1798 ஜனவரியில் அவருடைய தூதர்கள் அங்கே இறங்கினர். மறைவாக முடிக்க வேண்டிய காரியத்தை ஆளுநர் மலார்த்திக் ஊரறிய விளம்பரஞ் செய்துவிட்டார்! வந்த படையோ சொற்பம். அவ்விளம்பரத்தையே காரணங்காட்டி வெல்லெஸ்லி போர் தொடுத்தார். 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். லால்பாக் கும்பினியார் கைக்குப் போயிற்று. 1810-இல் மொரீசுத் தீவும், அதன் தோட்டமும் ஆங்கிலேயர் வசமாயின.