சுட்டித்துண்டு மறைந்தபோது: 1976 இன் பாரிஸ் வைன் சோதனை

வைன்களைத் தரம்பிரிக்கும் வழக்கம் நாவின் தீர்ப்பிலிருந்து பிறந்ததென எண்ணுதல் இயல்பே. ஆயின், பிரான்சின் போர்டோப் பிரதேச வரலாறு வேறுவிதமாக அமைந்துள்ளது. 1855 இன் பாரிஸ் பொருட்காட்சிக்கென அங்குள்ள தரகர்கள் சிவப்பு வைன்களை ஐந்து தரங்களாக வகுத்தபோது, சந்தையில் நெடுங்காலம் நிலவிவந்த விலையையே அளவுகோலாகக் கொண்டனர். விலை மிக்கதே தரம் மிக்கது என்றாயிற்று. அப்பட்டியலில் இரண்டாந் தரத்திலிருந்த மூட்டோன் ரொத்சில்ட் முதற்றரத்துக்கு உயர 1973 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவுகோலை அசைத்தவர் பாரிஸில் வைன் கடை நடத்திய ஆங்கிலேயரான ஸ்டீவன் ஸ்பரியர். அமெரிக்க சுதந்திரத்தின் 200 ஆவது ஆண்டையொட்டிக் கலிபோர்னிய வைன்களை அறிமுகஞ் செய்ய விரும்பிய அவர், 1976 மே 24 அன்று ஒன்பது பிரெஞ்சு நிபுணரை அழைத்தார். சிவப்பு வைன்களில் கலிபோர்னியாவினது ஆறும் போர்டோவினது நான்கும் சுட்டித்துண்டு மறைத்து வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள். வந்திருந்த ஒரே பத்திரிகையாளர் ‘ரைம்’ சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர். ஊற்றப்படும் ஒழுங்கு அவர் கையிலிருந்தமையால், நிபுணர்கள் நாடு மாறிப் புகழ்ந்ததை அவர் நேரிற் கேட்டார்.

முதலிடம் பெற்றது ஸ்டாக்ஸ் லீப் 1973. அதனை ஆக்கிய வாரன் வினியார்ஸ்கி முன்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தவர். அவரது கொடிகள் நடப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. விலையும் போர்டோப் பெருவைன்களினதினும் மிகத் தாழ்ந்தது. மூட்டோன் இரண்டாவதாயிற்று. நடுவருள் ஒருவரான ஒடெத் கான் தாம் இட்ட புள்ளித்தாளைத் திருப்பிக் கேட்டார், ஸ்பரியர் கொடுக்கவில்லை.

போர்டோ வைன் நாட்பட்டே சிறக்கும் என்ற சமாதானம் கூறப்பட்டது. நியாயமான வாதந்தான். எனினும் 2006 இல், முப்பதாண்டு நிறைவில், அதே சிவப்பு வைன்கள் மீண்டும் சுவைக்கப்பட்டபோது முதல் ஐந்து இடங்களையும் கலிபோர்னியாவே பெற்றது.

இதனால் நாவே நம்பத்தக்க நீதிபதி என்று முடிவு கட்டுதலும் அவசரமாகும். 1976 இல் முதலிரு சிவப்பு வைன்களின் சராசரிகளிடையே அரைப் புள்ளி வேறுபாடேனும் இருக்கவில்லை. 2008 இல் றொபர்ட் ஹொட்சன் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னிய மாநிலக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரே போத்தல் வைன் அவர்கள் அறியாமல் மும்முறை தரப்பட்டது. மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரத்தை அளித்தோர் பத்தில் ஒருவரே.