செங்கத்துக் கூத்தரும் சென்னைக் குழுவும்



திருவண்ணாமலை என்றதும் நம் நெஞ்சில் எழுவது கார்த்திகைத் தீபம். இசையறிந்தவர்க்கு அடுத்து நினைவில் வருபவர் அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அவருடைய திருப்புகழ்ச் சந்தங்கள் இன்றும் தாளம் பயில்வாருக்குப் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. ஆயின் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே இவ்வட்டாரம் இசைவாணர்களின் கால்கள் தேடி வந்த நிலமாக இருந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா என வழங்கியது. அங்கிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய பாட்டே மலைபடுகடாம். பத்துப்பாட்டின் இறுதியாக நிற்கும் இந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மறுபெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு வழி சொல்வதாக இது அமைந்துள்ளது.

அக்கூட்டம் சுமந்து வந்த கருவிகளைப் புலவர் ஒவ்வொன்றாகக் கூறுகிறார். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை, யாழ் எனத் தோலும் துளையும் நரம்பும் வெண்கலமும் அங்கே ஒன்றுகூடுகின்றன. பைகளில் கட்டித் தொங்கவிடப்பட்ட அக்கருவிகள், பலாமரத்துக் காய்க்குலைகள் போல் தோன்றின என்கிறார். மலைவழியே நடந்து செல்லும் ஓர் இசைக்குழுவின் உருவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமோ?

எனினும் ஒரு குறை உண்டு. கருவிகளின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன; அவற்றை இயக்கிய மாந்தரின் பெயர்கள் கிடைக்கவில்லை. முழவு கொட்டியவன் யாரிடம் பயின்றான்? யாழ் மீட்டியவள் எவ்வூரினள்? பாட்டுடைத் தலைவனின் பெயர் நின்றது. பாடியோர் பெயர் மறைந்தது.

பெயர் மறைந்ததோடு நில்லாமல், பின்னாளில் பெருமையும் மறைந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்தது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையே சிறந்த குடிகளாக எண்ணிக் கூறுகிறார். பறை கொட்டுதல் அன்று இழிதொழில் அன்று. காலப்போக்கில் நிலை மாறியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், சாத்தமங்கையில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தங்குவதற்கு இடம் தருமாறு திருஞானசம்பந்தரே தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. திருநீலநக்கர் வேள்விவேதி அருகிலேயே இடம் அளித்தார். வேள்வித்தீ வலஞ்சுழித்து எழுந்தது என்பது அவ்வரலாறு. கேட்டால்தான் இடம் என்ற நிலை பாணருக்கு வந்துவிட்டதை இதனால் உணர்கிறோம். பிற்காலத்தில் பறை, சாவு வீட்டிற்கே உரியதென ஒதுக்கப்பட்டது. தோலிலும் மரத்திலும் தீட்டு இல்லை. அதை ஏந்திய கைகளின் மேல் சமுதாயம் தீட்டை ஏற்றியது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஓர் இசைக்குழு அரங்கேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து அதனை உருவாக்கின. அதன் பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) கொண்ட கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. திருமண மேடைகளில் திரைப்பாடல்களை மீளப் பாடும் மெல்லிசைக் குழுக்களை நாம் அறிவோம். இக்குழுவோ தன் பாடல்களைத் தானே எழுதி, தானே இசையமைத்துப் பாடியது.

தொடக்க அணியில் இருந்தவர்கள் பத்தொன்பதின்மர். அவர்கள் வந்த வழிகள் பல. தென்மா, கபேர் வாசுகியோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்னும் தமிழ் இசைக்குழுவை நடத்தியவர். மேற்கத்திய ராக் இசையில் தோய்ந்தவர். கிதார் இசைத்த சாகிப் சிங்கும், டிரம்ஸ் முழக்கிய மனு கிருஷ்ணனும் அவ்வழியினரே. மறுபுறம், முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, இசைவாணி ஆகியோர் பாடகர்கள். வடசென்னையின் தெருக்களில் வளர்ந்த கானாவே இக்குழுவின் உயிர்நாடி. அது இறப்பு வீட்டில் துயர் ஆற்றும் பாட்டாகவும், உழைப்பாளர் குடியிருப்புகளில் மகிழ்ச்சிப் பாட்டாகவும் வளர்ந்தது. ஆடவர் கோலோச்சிய அத்துறையில் பெண்ணாக நின்று பாடிய இசைவாணி, இசைக்கலைஞரின் மகள். 2020-ஆம் ஆண்டில் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

நந்தன் பறையும் தவிலும் முழக்கினார். தரணியும் சரத்தும் சட்டி அடித்தனர். கௌதம் கட்டமோளம் வாசித்தார். இவர்களோடு அரக்கோணத்து அறிவும் இருந்தார். அவர் பெற்றோர், முதியோர்க்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்கள். பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த உழைப்பின் நினைவே 2021-இல் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலுக்கு ஊற்றாயிற்று.

கிதாரும் சட்டியும் ஒரே மேடையில் பொருந்துமா என்று ஐயுறுவோர் உண்டு. ராக் இசையின் பிறப்பை அறிந்தால் இவ்வையம் அகலும். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் பாடிய துயரப் பாட்டிலும், அவர்களது தேவாலயப் பாட்டிலும் முளைத்தது அது. சகோதரி ரோசெட்டா தார்ப் (1915–1973) மின்கிதார் ஏந்தித் தேவாலயப் பாடல்களைப் பாடினார்; சக் பெரி (1926–2017) 1950-களில் அதனை இளைஞர் இசையாக்கினார். ஆயினும் 1949 வரை அந்நாட்டின் பில்போர்டு இதழ், கறுப்பர் இசைத்தட்டுகளை இனத்தின் பெயரால் தனிப் பட்டியலில் வைத்தே அச்சிட்டது. அதே சக் பெரியின் பாட்டு ஒன்று, நம் நாட்டுக் கேசர்பாய் கேர்கரின் பாட்டோடு, 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் ஏறிச் சென்றது. தனியே ஒதுக்கி வைத்த இசையை மனித குலத்தின் குரலாக விண்ணுக்கு அனுப்பினர். ஆகவே, ஒதுக்கப்பட்ட இரு மக்களின் இசைகள் சென்னை மேடையில் சந்தித்தபோது, அவை அயலார் போல் அல்ல, உறவினர் போலவே சந்தித்தன எனலாம்.

இக்குழுவின் பாடல்கள் எல்லார்க்கும் இனித்தன என்று கூற இயலாது. இடஒதுக்கீடு, சாதிக் கொடுமை முதலியவற்றை நேராகப் பேசிய பாட்டுகள் சிலரைச் சினங்கொள்ளச் செய்தன. ஆனால் இசை, இனிமைக்கு மட்டும் உரியதன்று. செங்கண்மாவிற்கு நடந்த கூத்தரும் தம் பசியையும் வழித்துயரையும் மறைக்கவில்லையன்றோ? 2025-ஆம் ஆண்டில் மதுரைப் பகுதியைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. நெடுங்காலம் நாணத்தோடு ஏந்தப்பட்ட கருவி, பெயரோடும் சிறப்போடும் அவைக்கு வருகிறது.

இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டு நோக்குங்கள். செங்கத்துக் கூத்தரின் கருவிகளை அறிவோம், அவர்களை அறியோம். சென்னைக் குழுவினரை நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்றும் சொல்ல முடிகிறது. வரலாற்றில் இது சிறு மாற்றம் அன்று.

மாணவர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் நாதசுரம் ஊதுபவர் யார்? தவில் வாசிப்பவர் யாரிடம் பயின்றார்? பறை முழக்கும் முதியவரின் ஆசான் எவர்? அடுத்த விழாவில் ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே சென்று அமருங்கள், கேட்டு எழுதுங்கள். பெருங்கௌசிகனார் எழுதாமல் விட்ட பக்கம் ஒன்று, உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.