டி.சி. இல்லாமல் வந்த பிள்ளைகள்

1857-ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்; வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரும் நல்லூர்க்காரரே. நமக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த ஊரின் பிள்ளைகள், நூற்றிருபது ஆண்டு கழித்து, நம் கல்லூரி 1937-ல் குடியேறிய இந்தத் தாம்பரத்தில் ஒரு வகுப்பில் இடம் கேட்டு நின்றார்கள். அதை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள் மண்டபம் வழியாகப் பல மாவட்ட முகாம்களுக்குப் போனார்கள். 2012 வரை வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்கிறது மத்திய அரசுக் கணக்கு. முகாம் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். வெளிநாட்டு உறவினர் பணம் அனுப்பக்கூடிய குடும்பங்கள், போலீஸ் பதிவு செய்துகொண்டு வாடகை வீடு பார்த்தன. எங்கள் சேலையூர்த் தெருவிலும் இரண்டு குடும்பங்கள். நாளைக்கு லண்டனோ கனடாவோ போக நேர்ந்தால் இங்கிலீஷ் வேண்டுமே என்று அவர்கள் மெட்ரிகுலேஷன் பள்ளிகளைத்தான் நாடினார்கள்.

1985 மே மாதம். எதிர்வீட்டு அம்மா, "தம்பி, நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோவன்" என்றார். மகன் ஏழு முடித்து எட்டுக்குப் போக வேண்டியவன். போன பள்ளியிலெல்லாம் முதல் கேள்வி, "டி.சி. எங்கே?" அவர்கள் ஊரில் அதற்கு விடுகைப் பத்திரம் என்று பெயர். வீடு எரியும்போது அதை யார் எடுத்து வருவார்கள்? "எங்கே படித்தாய்?" என்றதற்குப் பையன் "இந்துக் கல்லூரி" என்றான். குமாஸ்தா சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றே பெயர் என்று நான்தான் விளக்கினேன்.

அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். அங்கே எல்லாப் பாடமும் தமிழில். கேத்திரகணிதத்தில் கெட்டிக்காரன், ஜியாமெட்ரி என்றதும் விழித்தான். இரண்டு பள்ளிகள் கைவிரித்தன. மூன்றாவதில் ஒரு சின்னப் பரீட்சை வைத்து, ஆறாம் வகுப்பில் போட்டார்கள். இடம் கிடைத்ததே பெரிசு என்று திரும்பினோம்.

அந்த இரண்டு வருஷத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அகதி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1984-ல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் படிப்பையே முன்னிறுத்தியது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் அந்த ஒதுக்கீடு நின்றது. 1996-ல்தான் திரும்ப வந்தது. எட்டாம் வகுப்பிலேயே சேர்த்திருந்தால் பையன் 1990-ல் பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங்குக்கு மனுவாவது போட்டிருப்பான். ஆறில் சேர்ந்ததால் 1992-ல் முடித்தான். கதவு சாத்தியிருந்தது. குடும்பம் பிறகு கனடா போயிற்று.

அன்று பிள்ளையின் இடம் தலைமையாசிரியரின் மனசைப் பொறுத்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைக் கொஞ்சம் மாற்றியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பின்தங்கிய பாடத்துக்குத் தனிப்பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பள்ளியும் மறுக்கக் கூடாது. டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது என்ற விதி மட்டும் உதவி பெறாத தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. 2021-ல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, கல்வி உதவித்தொகையையும் உயர்த்தியது.

நம் பழைய மாணவர்களில் எத்தனையோ பேர் பள்ளித் தாளாளர்கள், தலைமையாசிரியர்கள். ஈழத்துப் பிள்ளையோ வேறெந்த நாட்டுப் பிள்ளையோ காகிதம் இல்லாமல் உங்கள் மேசைமுன் நின்றால், இடம் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வகுப்பு என்பதையும் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.