பழுவேட்டரையர்: பெயரும் மரபும்

சென்ற ஆண்டு எம்மிடம் முதுகலை பயிலும் மாணாக்கர் ஒருவர் எழுதிய கட்டுரையில், ‘பழுவேட்டரையர் சோழர்க்கு எதிராகச் சதி செய்தவர்’ என்றொரு தொடரைக் கண்டோம். சான்று யாதென வினவினோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்றார். 1950-இல் தொடராக வெளிவரத் தொடங்கி, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்த அப்புனைகதையின் சோழப் பேரரசு, கற்றோர் உள்ளத்திலும் கல்வெட்டுச் சோழப் பேரரசின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. கதையைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. கதையையும் கல்வெட்டையும் வேறு பிரித்துணர்தல் ஆய்வாளர் கடன் என்பதே எம் கருத்து.

முதற்கண் பெயரை நோக்குவாம். ‘பழு’ என்பது ஆலமரம். பழுவூர்ச் சிவன்கோயில் ஆலந்துறை எனப் பெயர் பெற்றமையும் இதனொடு பொருந்துகின்றது. எஞ்சிய ‘வேட்டரையர்’ என்பதனை ‘வேள்+அரையர்’ எனப் பிரிப்பாரும் உளர். அங்ஙனமாயின் புணர்ச்சியில் ‘வேளரையர்’ என்றாதல் வேண்டுமேயன்றி டகரம் இரட்டித்தற்கு இடமில்லை. ‘காடு’, ‘அரண்’ என்பன ‘காட்டரண்’ ஆதல் போல, ‘வேடு’, ‘அரையர்’ என்பன ‘வேட்டரையர்’ ஆயின எனக் கோடலே இலக்கணத்தொடு இயைவது. ஒலியொப்புமை ஒன்றே பற்றி இவரை வேளிராக்குதல் ஏலாது.

இவர்தம் ஊர் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர்ப் பகுதியாகும். ஆலந்துறைப் பதிகத்தில் ஞானசம்பந்தர் மலையாளர் அங்கு வழிபடுதலைக் குறிக்கின்றார். அன்பிற் செப்பேடோ பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்றே கூறும். இரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, மேற்கினின்று வந்து பழுவூரில் நிலைத்த குடி இஃது என்னும் முடிவு இயல்பாகவே தோன்றும். ஆயினும் ஒன்று. பதிகம் குறிப்பது அந்தணரை, அரசரை அன்று. ஆதலின் செப்பேட்டின் கூற்றே இங்கு வலியுடைய சான்று.

கல்வெட்டுகளில் குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன் எனப் பெயர்கள் மாறி மாறி வருதல் காண்க. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக நிற்கும் மரபு இது. இம்மரபறிந்தார்க்குக் குமரன் கண்டனும் குமரன் மறவனும் உடன்பிறந்தார் என்பதும், கண்டன் அமுதன் முன்னவன் மகன் என்பதும் எளிதிற் புலனாம். ‘பழுவேட்டரையர்’ என்பது ஒருவர் பெயரன்று. குடித்தலைவர் வழிவழியாகத் தாங்கிய பட்டம். அதன்முன் ‘அடிகள்’ என்னும் அடைமொழியும் பயில வரும்.

முதலாம் ஆதித்தன் காலத்தில் குமரன் கண்டன் கீழையூரில் எடுப்பித்தது அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக்கோயில். முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, வெள்ளூர்ப் போரில் பாண்டியனையும் ஈழப்படையையும் எதிர்த்துக் கண்டன் அமுதன் சோழர் பொருட்டுப் பொருது வென்றதைத் தெரிவிக்கின்றது. பழுவூர்க்குடியின் சோழப்பற்றுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மணவுறவும் நோக்கத்தக்கது. பராந்தகன் இக்குடிப் பெண்ணை மணந்தான். அவள் வயிற்றுப் பிறந்தவனே அரிஞ்சயன். சுந்தரசோழனும் இராசராசனும் இவ்வரிஞ்சயன் வழியினர் ஆதலின், அவர் உடலிலும் பழுவூர்க் குருதி ஓடியது. உத்தமசோழன் தேவியருள் ஒருத்தி பழுவேட்டரையர் மகள் எனச் செம்பியன்மாதேவி ஊர்க் கல்வெட்டு கூறும். கதையில் மதுராந்தகன் சின்னப் பழுவேட்டரையர் மருகனாதற்கு இவ்வுண்மை அடியாயிருத்தல் கூடும். ஆனால் கதை இங்குத் தன் வழியே செல்கின்றது. உத்தமனுக்கு மகட்கொடை தந்த அதே குடியினின்று இராசராசனும் பஞ்சவன்மாதேவியை மணந்தான் என்பது கல்வெட்டு காட்டும் செய்தி. தன் தமையனைக் கொன்ற சதியில் தலைநின்ற குடியாயின், அக்குடிப் பெண் அவன் தேவியாய் விளங்கியிருப்பாளா?

ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய உடையார்குடிக் கல்வெட்டோ, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரையே துரோகிகளாகப் பெயர் சுட்டுகின்றது. அதில் பழுவேட்டரையர் பெயர் இல்லை. கொலைக்குப் பின் நின்றார் வேறு யார் என்னும் வினாவுக்கு அக்கல்வெட்டு விடை கூறவில்லை. விடையில்லா இடத்தைக் கதையால் நிரப்புதல் வரலாறாகாது. தனாதிகாரிப் பதவி, அறுபத்து நான்கு விழுப்புண், நந்தினி ஆகியவையும் கதைக்கே உரியன.

இராசராசன் காலத்துக் கண்டன் மறவனுக்குப் பின் இக்குடியின் செல்வாக்குக் குன்றுகின்றது. முதலாம் இராசேந்திரன் காலத்தோடு பட்டமும் கல்வெட்டுகளினின்று மறைகின்றது. பகையால் அழிந்தனர் என்பதற்குச் சான்றில்லை. வளநாட்டுப் பிரிவும் நிலவளவும் அரசின் கையை ஊர்தோறும் நீட்டிய காலம் அது. குறுநிலத் தலைவர் பலர் அக்காலத்தே அதிகாரிகளாகவோ பெயரற்றவராகவோ மாறினர். பழுவூர்க்கும் அதுவே நேர்ந்ததென யாம் கருதுகின்றோம். அவர் எடுப்பித்த இரட்டைக்கோயில் மட்டும் கீழையூரில் இன்றும் நிற்கின்றது.