கத்திரி வெயிலில் ஓட்டம்: தபால் ஓட்டக்காரர் முதல் நம் தெருப் பிள்ளைகள் வரை

சித்திரை 21ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. ஆங்கிலத் தேதியில் பெரும்பாலும் மே 4. அதிலிருந்து இருபத்தைந்து நாள் கத்திரி. இந்த நாட்களிலும் எங்கள் திருவந்திபுரத்தில் விடியற்காலை நாலரை மணிக்கே பாலூர் சாலையில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கலாம். சிலர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். சிலர் ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடுகிறார்கள். அங்கே 1.6 கிலோமீட்டர். என்னைப் போலச் சர்க்கரைக்குப் பயந்து ஓட்டமும் நடையுமாகப் போகிற கிழவர்களும் உண்டு.

பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால் பலர் மனதில் ஓர் எண்ணம் இருக்கிறது. வெயிலில் கஷ்டப்பட்டு ஓடிவிட்டால் தேர்வு நாளில் சுலபமாக இருக்கும் என்பது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு. வெயிலில் எப்படி ஓடுவது என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது, நண்பர்களே. நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எங்கள் முன்னோரிடமிருந்தே தொடங்குகிறேன்.

14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த இபின் பதூதா, இங்கிருந்த தபால் முறையை எழுதி வைத்திருக்கிறார். குதிரைத் தபால், கால் தபால் என்று இரண்டு இருந்தன. கால் தபாலில் மைலுக்கு மூன்று நிலையங்கள். ஓட்டக்காரர் ஒரு கையில் கடிதமும் மறு கையில் செப்பு மணிகள் கட்டிய கோலுமாக ஓடி வருவார். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்த நிலையத்தில் இருப்பவர் தயாராக எழுந்து நிற்பார். இந்தக் கால் தபால் குதிரையைவிட வேகமாகப் போனது என்கிறார் இபின் பதூதா. ஒரு ஆள் ஓடியது மைலில் மூன்றில் ஒரு பங்குதான். வடக்கத்தி வெயிலில் மனித உடம்பு சூடேறும் முன்பே சுமை அடுத்தவர் கைக்கு மாறிவிடும்.

கம்பெனி காலத்துக்கு வருவோம். 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்தது நம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைதான். சென்னையில் பொது அஞ்சலகம் 1786இல் வந்தது. ரயில் வரும்வரை கடிதம் போனதெல்லாம் பெரும்பாலும் மனிதக் கால்களில்தான். ஓட்டக்காரர்கள் சில மைலுக்கு ஒருவராக மாறி மாறி ஓடினார்கள். இரவு ஓட்டத்துக்குத் தீவட்டி பிடிப்பவர் கூட வந்தார். காட்டு வழியில் புலியை விரட்ட மேளம் அடிப்பவரும் வந்தார். பல்லக்கில் பயணம் செய்த துரைமார்களும் கோடையில் இரவில்தான் கிளம்புவார்கள். திருவிதாங்கூரில் மணி கட்டிய ஈட்டியுடன் ஓடிய அஞ்சல் ஓட்டக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அஞ்சல் துறை 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

இவர்கள் யாரும் உடலியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் தூரத்தைச் சின்னதாக வெட்டுவது, வெயில் நேரத்தைத் தவிர்ப்பது, ஓடியபின் உட்கார இடம் கொடுப்பது என்ற மூன்றும் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தன.

ஏன் இவை வேலை செய்தன என்பது லண்டனில் நடந்த ஒரு விசித்திரமான சோதனையில் தெரிய வந்தது. 1774இல் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்களோடு, சூடேற்றிய ஓர் அறைக்குள் போய் நின்றார். ஜோசப் பேங்க்ஸ் என்ற புகழ்பெற்ற தாவரவியலாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அறையின் சூடு 127 டிகிரி செல்சியஸ் வரை போனது. கொண்டுபோன முட்டை சுமார் 20 நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிட்டது. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் வியர்வை. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானையில் வைத்த தண்ணீரும் அந்தச் சூட்டில் கொதிக்கவில்லை. அதன்மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டதும் கொதித்துவிட்டது. ஆவி போக வழியில்லை. நம் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்.

இந்த எண்ணெய் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1904இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக். மாரத்தான் ஓட்டத்தை ஆகஸ்ட் 30ஆம் தேதி பிற்பகல் 3 மணி வாக்கில் தொடங்கினார்கள். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மண் சாலை, புழுதி வேறு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க விரும்பிய அமைப்பாளர், வழியில் இரண்டே இடத்தில்தான் தண்ணீர் கிடைக்கும்படி வைத்தார். 32 பேர் கிளம்பினார்கள், 14 பேர் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் கொடுத்தது பிராந்தியும், எட்டிக்கொட்டையில் உள்ள விஷமான ஸ்ட்ரிக்னினும். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஒலிம்பிக் மாரத்தானில் வென்றவர்களிலேயே மெதுவான நேரம் அதுதான்.

எட்டு வருடம் கழித்து 1912இல் ஸ்டாக்ஹோம். ஜூலை 14, மறுபடியும் பிற்பகல் ஓட்டம், மறுபடியும் கடும் வெயில். 68 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகலிலிருந்து வந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சர், 30 கிலோமீட்டர் வாக்கில் விழுந்தார். மறுநாள் காலை இறந்துவிட்டார். நவீன ஒலிம்பிக் போட்டியில் ஓடி இறந்த முதல் மனிதர் அவர். வெயில் சுடாமலிருக்க உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்று குறிப்புகள் சொல்கின்றன. பிளாக்டன் பானையில் விட்ட எண்ணெய்தான் இங்கேயும். அதே ஓட்டத்தில் ஜப்பானின் கனகுரி வெயில் தாங்காமல் பாதியில் நின்று, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். 1967இல் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து வந்து மீதி ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். கணக்கில் ஏறிய நேரம் 54 வருடத்துக்கும் மேல்!

வெயிலுக்கு உடம்பைப் பழக்க முடியுமா? முடியும். இதைச் சரியாகக் கண்டுகொண்டது விளையாட்டு மைதானத்தில் அல்ல, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில். ஆழத்தில் சூடும் ஈரமும் கலந்த காற்றில் புதிதாக வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் சுருண்டு விழுந்து இறந்தார்கள். 1930களில் டிரியோஸ்டி என்ற மருத்துவர், யார் எவ்வளவு சூடு தாங்குவார் என்று சோதித்து, புதியவர்களுக்குச் சுமார் இரண்டு வாரம் வேலையைப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார். தங்கம் நிற்காமல் வரவேண்டும் என்ற அக்கறையும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் கிடைத்த அறிவு எல்லோருக்கும் பயன்பட்டது. அந்த இரண்டு வாரத்தில் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமே அரும்புகிறது, அதில் உப்பு குறைகிறது. பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் அத்தனையும் போய்விடும். இன்றைக்கும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புப் பரிந்துரை என்ன சொல்கிறது? வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது.

அடுத்த பாடம் அமெரிக்க மரைன் படை வீரர்களுடையது. பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் புதிய வீரர்கள் வெயிலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். யாக்லூ, மினார்டு என்ற இருவர் ஆராய்ந்து 1957இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி எடுத்த அளவுக்கு பத்தில் ஏழு பங்கு மதிப்பு. வெயில் படும் கறுப்பு உருண்டைக்குள் எடுத்த அளவுக்கு இரண்டு பங்கு. வானொலியில் சொல்வார்களே, அந்தச் சாதாரண நிழல் வெப்பத்துக்கு ஒரே ஒரு பங்கு! பத்தில் ஏழு பங்கு ஈரத்துக்குப் போகிறது என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்கள் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கடலூரில் விடியற்காலை வெயில் இருக்காது, ஆனால் புழுக்கம் உச்சத்தில் இருக்கும். வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆகவே நேரத்தை மாற்றினால் மட்டும் போதாது, வேகத்தையும் குறைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் உலகம் இரண்டு பக்கமும் சாய்ந்தது. செயிண்ட் லூயிஸில் குடிக்காதே என்றார்கள். 1969இல் விண்டாம், ஸ்டிரைடம் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், மாரத்தானில் தண்ணீர் போதாமல் போவது ஆபத்து என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு முடிந்த மட்டும் குடி என்ற பேச்சு வந்துவிட்டது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் உப்பு அளவுக்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடம்பு எடையே கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் இது அதிகம் தெரிந்தது. தாகத்துக்குக் குடி, வெறும் தண்ணீரையே குடம் குடமாக ஊற்றாதே என்பதுதான் இன்றைய முடிவு. நம் வீட்டு நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கின்றன.

இதெல்லாம் ஏதோ வெளியூர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சென்னையில் குளிர்சாதனக் கடை வேலையை விட்டுவிட்டு, காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க ஊருக்கு வந்தான். வந்த மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்குச் சாலையில் தள்ளாடினான், உளறினான், விழுந்தான். கூடியவர்களில் ஒருவர் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார், இன்னொருவர் ஆட்டோவைத் தேடி ஓடினார். கீரை விற்கும் அம்மா ஒருவர்தான் கூடையில் கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அப்படியே அவன் தலையிலும் மார்பிலும் கொட்டினார். "மொதல்ல ஒடம்ப நனைங்கப்பா, அப்புறம் வண்டியப் பாருங்க" என்று அதட்டினார். கைப்பம்பிலிருந்து குடம் குடமாக வந்தது. மருத்துவமனையில் அந்தத் தண்ணீர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று சொன்னார்கள். வெயில் தாக்கிப் புத்தி தடுமாறினால் முதலில் குளிர்வித்து, 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மருத்துவ உலகம் சொல்வதும் இதுவே.

அந்தப் பையனிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. இரண்டு வாரத் தவணைதான் இல்லை.

இப்போது உலகமே பழைய தபால்காரர் வழிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2019இல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். இரவிலும் புழுக்கம் விடவில்லை பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானைக் குளிர்ச்சியான சப்போரோவுக்கே மாற்றிவிட்டார்கள். நம் பக்கத்திலும் சென்னை மாரத்தான் ஜனவரியில், ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில், இரண்டும் இருட்டோடு. மே மாதத்தில் இவற்றை வைப்பதில்லை.

நம் ஊருக்கு இன்னொரு குறையும் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்த தானே புயல் இந்த வட்டாரத்தில் பலா, முந்திரி என்று விட்டுவைக்காமல் சாய்த்தது. சாலை ஓரத்து நிழலும் போனது. ஆகவே நிழலை நம்பி நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

என் கணக்கு இதுதான். கத்திரி பிறந்ததும் முதல் வாரம் வழக்கமான தூரத்தில் பாதி, மெதுவாக, இடையிடையே நடை. இரண்டாம் வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நேரம் பார்த்து வேகமாக ஓடும் பயிற்சியை வாரம் ஒரு நாளோடு நிறுத்தலாம். ஓடும்போது பேச முடியவில்லை என்றால் நடக்க வேண்டும். மயிர் சிலிர்த்துக் குளிர்வதுபோல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றைய ஓட்டம் முடிந்தது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எழுந்தவர்கள் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் நம் வயதுக்காரர்கள், மருத்துவரைக் கேட்காமல் வெயிலில் இறங்கவும் வேண்டாம், மோரில் உப்பைக் கூட்டவும் வேண்டாம்.

வீட்டில் தேர்வுக்கு ஓடும் பேரனோ பேத்தியோ இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். தனியாக ஓடவேண்டாம், இருவராகப் போகச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு சொம்பு நீராகாரம் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். நாலரை மணிக்கு எழுந்து போகிற பிள்ளை உங்களை எழுப்பாது.