எழுந்து நடமாடுகிறாரா?

ஒருவர் பெரிய நோயிலிருந்து மீண்டார் என்று கேள்விப்பட்டால், நம்மவர்கள் முதலில், "உயிருக்கு ஆபத்தில்லையே?" என்று விசாரிப்பார்கள். பதில் கிடைத்த மறுகணமே, "எழுந்து நடமாடுகிறாரா?" என்பார்கள். ஒரே மூச்சில் கேட்டுவிடுகிற இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே, சிறுநீரக நோயின் சரித்திரத்தில் ஏறத்தாழ முப்பது வருஷம் கிடக்கிறது.

முதல் கேள்விக்கு வழி திறந்தவர் வில்லெம் கோல்ஃப் என்னும் ஹாலந்து தேசத்து வைத்தியர். 1943-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த காம்பென் என்ற சிறு நகரத்தில், கொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை ஓர் உருளைமேல் சுற்றி, உப்பு நீரில் சுழலவிட்டு, அதன் வழியே நோயாளியின் ரத்தத்தைச் செலுத்திக் கழுவினார். கேட்பதற்குப் பட்டறைச் சமாசாரம் போல இருக்கும்; ஆனால் ரத்தம் சுத்தமாயிற்று. ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக் குழாயை வெட்டித் திறக்கவேண்டும். மனிதனுக்கு எத்தனை குழாய்களைத்தான் வெட்டுவது? சிறுநீரகம் அடியோடு பழுதானவர்களுக்கு அந்த யந்திரம் சில நாள் தவணையே கொடுத்தது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஸியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் அந்தச் சங்கடத்தை அவிழ்த்தார். டெஃப்லான் குழாய் ஒன்றைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டார். 1960 மார்ச்சில் அதை முதலில் ஏற்றவர் கிளைட் ஷீல்ட்ஸ், ஒரு யந்திரத் தொழிலாளி. சாவின் வாசலில் இருந்தவர், மேலும் பதினொரு வருஷம் வாழ்ந்து 1971-ல் இருதய நோயால் காலமானார்.

யந்திரங்களோ சொற்பம், வரிசையோ நீளம். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அங்கே உட்கார்ந்தது. வயது, குடும்பம், வருமானம், தொழில் எல்லாம் பார்த்து நிர்ணயித்தார்கள். 1962-ல் 'லைஃப்' பத்திரிகை அதை வெளியிட்டதும் ஊரே கொதித்தது. யார் பிழைக்கலாம் என்பதைப் பற்றி நிறைய எழுதினார்கள். பிழைத்தவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பாதி ரத்தத்தோடு நடமாடினார்கள். ஹீமோகுளோபின் சாதாரண மனிதரில் ஏறக்குறைய பாதி. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். கடைக்குப் போய்வந்தால் மத்தியானம் முழுவதும் படுக்கை. பிறர் ரத்தம் ஏற்றினால் சில வாரம் தெம்பு வரும். அதோடு உடம்பில் இரும்புச் சத்து குவியும். காமாலைக் கிருமி தொற்றினாலும் தொற்றும்.

காரணம் என்ன? சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. எரித்ரோபாய்டின் என்ற சுரப்பை அனுப்பி, "ரத்தம் உண்டாக்கு" என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுவதும் அதுதான். யந்திரத்துக்கு வடிகட்டத் தெரியும். உத்தரவு போடத் தெரியாது. இல்லை, ரத்தத்தில் தேங்கும் நஞ்சுதான் மஜ்ஜையை முடக்குகிறது என்று வாதித்தவர்களும் உண்டு. ஸ்கிரிப்னரின் சீடர் ஜோஸப் எஷ்பாக் செம்மறியாடுகளை வைத்து இந்த வழக்கைத் தீர்க்கப் புறப்பட்டார். அவற்றின் சிறுநீரகத்தைப் பழுதாக்கி, எரித்ரோபாய்டின் நிறைந்த வேறு ஆட்டு ரத்தத்தின் தெளிநீரைச் செலுத்தினார். நஞ்சு தேங்கிய உடம்பிலேயே ரத்தம் ஊறிற்று. வருஷக் கணக்காக நடந்த வேலை. முடிவு 1984-ல் அச்சேறிற்று.

ஆடு சரி, மனிதனுக்கு வேண்டிய சுரப்பு? சிக்காகோவில் யூஜின் கோல்ட்வாஸர் 1955-லிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார். ஜப்பானிலிருந்து டாக்டர் மியாகே, கொடிய ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டரைச் சேர்த்து வற்றவைத்து, அந்தப் பொடியோடு 1975-ல் வந்து சேர்ந்தார். 1977-ல் அவர்கள் பிரித்தெடுத்த சுத்தமான சுரப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் எட்டு மில்லிகிராம்! அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு, 1983-ல் ஃபூ-குவென் லின் அதன் மரபணுவைக் கண்டார். அப்புறம் மருந்து ஆலையில் உற்பத்தியாயிற்று. எஷ்பாக்கே அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 25 பேரின் கதையை 1987 ஜனவரியில் வெளியிட்டார். 1989-ல் அமெரிக்க அரசாங்கம் மருந்தை அனுமதித்தது. கிளைட் ஷீல்ட்ஸ் இறந்து அப்போது பதினெட்டு வருஷம்.

இனி எல்லோரும் துள்ளி நடந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கனடாவில் 118 நோயாளிகளை வைத்துப் பரீட்சித்து 1990-ல் முடிவு சொன்னார்கள். அயர்ச்சி குறைந்தது, உடற்பயிற்சிச் சோதனையில் முன்னைவிட அதிக தூரம் நடந்தார்கள், ஆனால் ஆறு நிமிஷ நடைச் சோதனையில் முன்னேற்றம் இல்லை. ரத்தத்தை இன்னும் ஏற்றினால் என்ன என்று முயன்றதும் உண்டு. 2006-ல் வெளியான இரண்டு பெரிய ஆராய்ச்சிகளில் அதனால் இருதயத்துக்கு லாபமில்லை. ஒன்றில் கேடே அதிகமாயிற்று.

ரத்தம் ஊறினாலும் தசை தேய்ந்திருக்கிறதே! நோயும் தேய்க்கிறது, வாரம் மூன்று தடவை நாலு மணி நேரம் அசையாமல் கிடப்பதும் தேய்க்கிறது. அதனால் சில சிகிச்சைக் கூடங்களில் படுக்கையின் காலடியில் சைக்கிள் பெடலைப் பொருத்திவிடுகிறார்கள். கையில் ஊசி குத்தியிருக்கிறது, ரத்தம் குழாயில் போய்வருகிறது; நோயாளி படுத்தபடியே மிதித்துக்கொண்டிருக்கிறார்.