சாலையோர வியாபாரிகளும் நகரத் திட்டமிடலும்: ஓர் எதிர்ப்பின் வரலாறு

இந்திய நகரங்களின் திட்ட ஆவணங்களில் சாலையோர வியாபாரம் நெடுங்காலம் ஆக்கிரமிப்பாகவே கருதப்பட்டது. நிலப் பயன்பாட்டு வரைபடம் கடைவீதிக்கும் குடியிருப்புக்கும் இடம் வகுத்தது. தரைக்கடைக்கும் தள்ளுவண்டிக்கும் வகுக்கவில்லை. இடம் இல்லாததால் உரிமம் இல்லை; உரிமம் இல்லாததால் அபராதமும் பறிமுதலும் மாமூலும் தொடர்ந்தன. இதை எதிர்த்த வியாபாரிகளின் குரல், அகற்றாதே என்பதில் தொடங்கித் திட்டமிடலில் பங்கு கேட்பதாக வளர்ந்தது.

1972இல் அகமதாபாத்தில் இளா பட் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு, மானெக் சௌக்கில் காய்கறி விற்ற பெண்களைத் திரட்டி, அவர்கள் வழக்கைப் பின்னர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றது. பம்பாய் வியாபாரிகள் சங்கத்தின் வழக்கில் அதே நீதிமன்றம், விற்பனைக்கு உரிய பகுதி, உரியதல்லாத பகுதி என்ற பிரிவை ஏற்றது. ஒருவருக்கு நடைபாதையில் 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட இடம் என வரையறுத்தது. வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் கடை கூடாது. ஆட்கள் கூடும் இடங்களே வியாபாரத்துக்கு உகந்தவை என்பதால், இவ்விதி பிழைப்பின் மையத்தையே தொட்டது. 1989இல் சோதன் சிங் வழக்கில், தெருவில் வணிகம் செய்வது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவில் அடங்கும் உரிமை என்றும், குறிப்பிட்ட ஓர் இடத்தை நிரந்தரமாகக் கோர முடியாது என்றும் தீர்ப்பானது.

நீதிமன்ற நிவாரணம் வழக்குக்கு வழக்கு மாறியதால், சங்கங்கள் தனிச்சட்டம் கோரின. 1998இல் தேசிய அளவில் கூட்டமைப்பு உருவானது. 2004இல் தேசியக் கொள்கை வந்தது. ஆனால் கொள்கைக்குச் சட்ட வலு இல்லை. 2010இல் கெய்ண்டா ராம் வழக்கில் சட்டம் இயற்றுமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. 2014 மே 1 அன்று சாலையோர வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும் வரை யாரையும் அகற்றக் கூடாது. இடமாற்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுக்க வேண்டும்; மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். இச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள்.

சட்டத்துக்கு முன்பே 2013இல், சென்னை பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகள் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன. மாடி ஏறி வந்து வாங்குவோர் குறைவு என்ற குறை அங்கு எழுந்தது. வளையலும் பூவும் நடந்து போகிறவர் கண்ணில் பட்டால்தான் விற்கும்; கூரையும் கதவெண்ணும் கிடைத்தும் வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால், மறுவாழ்வு என்பது பெயரளவில் நின்றுவிடும். கடைகள் அகற்றப்பட்ட அதே சாலையில்தான் 2019இல் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

பலன் பெயரளவில் நின்றுவிடும் இதே சிக்கல் கடன் கொள்கையிலும் உண்டு. தண்டல்காரரிடம் முதல் வாங்கித் தொழில் செய்வோருக்கென, 2020இல் ‘பிரதமர் ஸ்வநிதி’ திட்டம் ரூ.10,000 தொடக்கக் கடன் அளித்தது. ஆனால் சான்றோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டதால், கணக்கெடுப்பில் விடுபட்டவருக்குக் கடனும் எளிதில் எட்டவில்லை. அதனால் இன்றைய விமர்சனம் கணக்கெடுப்பின் தாமதத்தையும் நகர விற்பனைக் குழுவின் அமைப்பையும் குறிவைக்கிறது. ஆணையர் தலைமை வகிக்கும் குழுவில் 40 விழுக்காடு என்பது பேசும் உரிமையைத் தருகிறது. முடிவெடுக்கும் பெரும்பான்மையைத் தரவில்லை.